டோபமின் ஏற்பிகளும் இரத்த ஓட்டமும்: ஓர் எளிய விளக்கம்

டோபமின் என்றாலே மகிழ்ச்சி, ஆசை, அடிமைப் பழக்கம் ஆகியவையே பலருக்கும் நினைவுக்கு வரும். அந்த அளவுக்கு அந்தப் பெயர் மூளையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் ஒரு செவிலியரிடம் அதே பெயரைச் சொன்னால், சரிந்துகொண்டிருக்கும் இரத்த அழுத்தமும், அதைத் தூக்கி நிறுத்துவதற்காகப் பம்பில் ஓடிக்கொண்டிருக்கும் மருந்தும்தான் அவருடைய நினைவுக்கு வரும். இருவர் பேசுவதும் ஒரே வேதிப்பொருளைப் பற்றித்தான். அது இரத்தக் குழாயை விரிக்கவும் செய்யும், சுருக்கவும் செய்யும். இரத்த அழுத்தத்தைக் குறைக்கவும் செய்யும், ஏற்றவும் செய்யும். இந்த முரண்பாட்டுக்கு விடை தேட வேண்டிய இடம், டோபமின் போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தை நீக்கிவிடலாம். மூளைக்குள் உண்டாகும் டோபமினும் உடலின் பிற பகுதிகளில் உண்டாகும் டோபமினும் தனித்தனிக் கணக்கில் இயங்குபவை. இரத்தத்திலிருந்து எது மூளைக்குள் போகலாம், எது போகக்கூடாது என்று சல்லடை போடும் இரத்த-மூளைத் தடுப்பை டோபமினால் கடக்க முடியாது. ஆகவே சிரை வழியாக ஏற்றப்படும் டோபமின் நோயாளியை மகிழ்ச்சியில் ஆழ்த்துவதில்லை; கைப்பேசித் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு 'டோபமின் ஏறிவிட்டது' என்று சொல்லிக்கொள்பவரின் சிறுநீரகத் தமனிகள் அதனால் விரிவதும் இல்லை.

உடல் டோபமினைத் தயாரிக்கும் முறை எளிமையானது. டைரோசின் என்னும் அமினோ அமிலம் முதலில் எல்-டோபாவாக மாறுகிறது, எல்-டோபா டோபமினாக மாறுகிறது. இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் நம் விருப்பமின்றியே முடுக்கிவிடும் பரிவு நரம்புகளில் இந்த வரிசை அத்துடன் நிற்பதில்லை. டோபமினிலிருந்து நார்அட்ரினலின் உண்டாகிறது. அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியில் இன்னும் ஒரு படி போய் அட்ரினலின் உண்டாகிறது. 1910இல் லண்டனிலுள்ள வெல்கம் ஆய்வகத்தில் ஜார்ஜ் பார்ஜரும் ஜேம்ஸ் ஈவன்ஸும் டோபமினைச் செயற்கையாகத் தயாரித்தார்கள் என்றாலும், அதற்குப் பிறகு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அது நார்அட்ரினலினுக்குப் போகும் வழியிலுள்ள ஓர் இடைநிலைப் பொருளாகவே கருதப்பட்டது. மூளையில் அதற்கென்று தனி வேலை உண்டு என்பதை 1950களின் பிற்பகுதியில் ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன் காட்டினார். 2000ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். இரத்தக் குழாய்களில் அதற்குத் தனி வேலை உண்டு என்பது 1960களில், அமெரிக்க மருந்தியலாளர் லியோன் கோல்ட்பெர்க்கின் ஆய்வுகளால் வெளிச்சத்துக்கு வந்தது. நாய்களின் சிறுநீரகத் தமனியில் டோபமினைச் செலுத்தியபோது அந்தத் தமனி விரிந்தது. அட்ரினலின் வகைப் பொருள்கள் குழாயை விரிக்கப் பயன்படுத்தும் பீட்டா ஏற்பிகளை மருந்து கொடுத்து அடைத்த பின்னரும் அந்த விரிவு நின்றபாடில்லை. அப்படியானால் அங்கே டோபமினுக்கென்றே ஓர் ஏற்பி இருந்தாக வேண்டும் என்ற முடிவுக்கு வருவதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று.

ஏற்பி என்பது செல்லின் மேலுறையில் பதிந்திருக்கும் ஒரு புரதம். அதன் ஒரு பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மறுபகுதி செல்லுக்குள் இருக்கும். வெளிப்பகுதியில் டோபமின் வந்து பொருந்தியதும் உட்பகுதியின் வடிவம் சற்றே மாறுகிறது. அந்த மாற்றம் ஜி-புரதம் எனப்படும் துணைப் புரதத்தைத் தூண்டுகிறது. டோபமின் செல்லுக்குள் நுழைவதே இல்லை. அது செய்தியை வாசலில் ஒப்படைத்துவிட்டு விலகிவிடுகிறது. அந்தச் செய்திக்கு என்ன பொருள் என்பதைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் செல்.

மனித உடலில் டோபமின் ஏற்பிகள் 5 வகைப்படும். டி1, டி5 ஆகிய இரண்டும் ஒரு குடும்பம். டி2, டி3, டி4 ஆகிய மூன்றும் மற்றொரு குடும்பம். முதல் குடும்பம் செல்லுக்குள் சுழற்சி ஏஎம்பி என்னும் தூது மூலக்கூறின் அளவைக் கூட்டுகிறது. இரண்டாவது குடும்பம் அதைக் குறைக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் இனி வருபவற்றில் பெரும்பகுதி எளிதாகப் புரிந்துவிடும்.

குழாய்ச் சுவரில் நடப்பது

தமனியின் சுவரில் மென்தசைச் செல்கள் வளையம் வளையமாகச் சுற்றியிருக்கின்றன. அவை இறுகினால் குழாயின் உட்துளை குறுகும், தளர்ந்தால் அகலும். சிறுநீரகம், குடல், இதயம், மூளை ஆகியவற்றுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளின் மென்தசையில் டி1 குடும்ப ஏற்பிகள் உள்ளன. அவற்றில் டோபமின் பொருந்தும்போது செல்லுக்குள் சுழற்சி ஏஎம்பி பெருகுகிறது. அது தசை இறுகுவதற்குத் தேவையான நொதியின் வேகத்தை மட்டுப்படுத்தி, செல்லுக்குள் கால்சியத்தின் அளவையும் குறைக்கிறது. தசை தளர்கிறது, குழாய் விரிகிறது. விரிவு சிறிதாக இருந்தாலும் பலன் சிறிதாக இருப்பதில்லை. குழாய் வழியே ஓடும் திரவத்தின் அளவு, மற்றவை மாறாதிருந்தால், ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதால், ஆரம் 10 சதவீதம் கூடினாலே ஓட்டம் ஏறத்தாழ 46 சதவீதம் கூடிவிடும்.

டி2 குடும்பம் இதே வேலையைச் சுற்றுவழியில் செய்கிறது. இரத்தக் குழாய்களை அடைந்து முடியும் பரிவு நரம்புகளின் முனைகளில், அதாவது நார்அட்ரினலின் வெளியேறும் வாயிலிலேயே, டி2 ஏற்பிகள் அமர்ந்திருக்கின்றன. டோபமின் அவற்றைத் தூண்டினால் நரம்பு முனை வெளியிடும் நார்அட்ரினலினின் அளவு குறைகிறது. குழாயை இறுக்கிப் பிடித்திருந்த கட்டளை வலுவிழப்பதால் குழாய் தானாகவே தளர்கிறது. இதயத்துக்குப் போகும் பரிவு நரம்புகளிலும் இதே கட்டுப்பாடு உண்டு என்பதால் துடிப்பும் ஓரளவு அடங்குகிறது. ஆக, ஒரு குடும்பம் தசையை நேரடியாகத் தளர்த்துகிறது, மற்றது தசையை இறுக்குபவரின் கையைப் பிடித்துக்கொள்கிறது. சுழற்சி ஏஎம்பியை ஒன்று கூட்டியும் மற்றது குறைத்தும் இரண்டும் ஒரே பலனில் வந்து முடிவதற்குக் காரணம், அவை இருக்கும் செல்கள் வேறுவேறு என்பதுதான்.

இந்த டி2 ஏற்பிகளின் முக்கியத்துவம் மருந்துகளின் பக்க விளைவுகளில் நன்றாகத் தெரியும். பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோன் மிகுதியானால் கொடுக்கப்படும் புரோமோகிரிப்டின் டி2 ஏற்பியைத் தூண்டும் மருந்து. அதை முதன்முறை எடுத்துக்கொள்ளும் சிலருக்குப் படுக்கையிலிருந்து எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றும். மயங்கி விழுபவர்களும் உண்டு. பொதுவாக எழுந்து நிற்கும்போது இரத்தம் கால்களில் தேங்கிவிடாதபடி பரிவு நரம்புகள் உடனே குழாய்களை இறுக்கும். அந்த இறுக்கத்துக்குத் தேவையான நார்அட்ரினலின் போதிய அளவு வெளிவராமல் போவது இந்தத் தலைசுற்றலுக்கு ஒரு முக்கியக் காரணம். பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா, அதாவது மருந்தாகத் தரப்படும் எல்-டோபா, எடுத்துக்கொள்பவர்களுக்கும் இது நேரிடுவது உண்டு. எதிர்ப்பக்கத்திலும் ஒரு சான்று இருக்கிறது. வாந்தியை நிறுத்தக் கொடுக்கப்படும் மெட்டோகுளோப்ரமைடு டி2 ஏற்பியை அடைக்கும். அட்ரினல் சுரப்பியில் ஃபியோகுரோமோசைட்டோமா என்னும் கட்டி உள்ளவருக்கு அந்த ஊசியைப் போட்டால், கட்டியிலிருந்து அட்ரினலின் வகைப் பொருள்கள் கொட்டி, இரத்த அழுத்தம் ஆபத்தான உயரத்துக்கு ஏறிவிடக்கூடும். அதனால்தான் இந்தக் கட்டி இருப்பவர்களுக்கு அந்த மருந்து கூடாது என்பது உறுதியான விதியாக இருக்கிறது.

உப்பும் சிறுநீரகமும்

இதயத்தையும் குழாய்களையும் பற்றிய பேச்சில் சிறுநீரகம் ஏன் வருகிறது என்று கேட்கலாம். குழாய்களில் எவ்வளவு திரவம் நிரம்பியிருக்க வேண்டும் என்பதை நீண்ட கால நோக்கில் முடிவு செய்வது சிறுநீரகம்தான்; அது எவ்வளவு உப்பை வெளியேற்றுகிறது, எவ்வளவைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது என்பதில்தான் இரத்த அழுத்தத்தின் அடித்தளம் இருக்கிறது. என் கணிப்பில், டோபமின் ஏற்பிகளின் இயல்பான, அன்றாட வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் பார்க்க வேண்டிய இடமும் இதுவே.

சிறுநீரக நுண்குழலின் முதல் பகுதியிலுள்ள செல்கள் இரத்தத்திலிருந்து வரும் எல்-டோபாவை உள்ளே இழுத்து, அங்கேயே டோபமினாக மாற்றிக்கொள்கின்றன. டோபமினை நார்அட்ரினலினாக மாற்றும் நொதி இந்தச் செல்களில் கிடையாது. எனவே டோபமின் டோபமினாகவே வெளியேறி, அதே செல்லின் மீதும் அண்டைச் செல்களின் மீதும் உள்ள ஏற்பிகளில் ஒட்டுகிறது. நரம்பின் உதவியே இல்லாமல் நடக்கும் உள்ளூர் ஏற்பாடு இது. டி1 ஏற்பி தூண்டப்பட்டதும், சோடியத்தைச் சிறுநீரிலிருந்து செல்லுக்குள் இழுக்கும் கடத்திப் புரதமும், செல்லிலிருந்து அதை இரத்தத்தின் பக்கம் தள்ளும் சோடியம்-பொட்டாசியம் பம்பும் மந்தமாகின்றன. திரும்ப எடுக்கப்படாத சோடியம் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு சிறுநீராக வெளியேறுகிறது. உணவில் உப்புக் கூடும்போது சிறுநீரகத்தில் டோபமின் தயாரிப்பும் கூடுகிறது. அட்ரினல் சுரப்பியின் புறப்பகுதியில் டி2 ஏற்பிகள் வழியாக, உப்பைப் பிடித்துவைக்கும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனின் சுரப்பையும் டோபமின் மட்டுப்படுத்துகிறது. உப்பைச் சேமித்து அழுத்தத்தை ஏற்ற முயலும் ஆஞ்சியோடென்சின் அமைப்புக்கு எதிர்த்தட்டில் டோபமின் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லலாம்.

இந்த ஏற்பாடு பழுதானால் என்ன ஆகும் என்பதற்கும் சான்றுகள் உள்ளன. மரபணு மாற்றத்தின் மூலம் 5 ஏற்பிகளில் ஏதேனும் ஒன்று இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு, எந்த ஏற்பியை நீக்கினாலும், இரத்த அழுத்தம் கூடியிருந்தது. மனிதர்களில், காரணம் தெளிவாகப் புலப்படாத உயர் இரத்த அழுத்தம் உள்ள சிலருக்குச் சிறுநீரகத்தில் டி1 ஏற்பி இருந்தும் அது தூண்டப்படும்போது உட்செய்தி சரியாகப் போய்ச் சேர்வதில்லை. ஜிஆர்கே4 என்னும் நொதியின் சில மரபு வேறுபாடுகள் அந்த ஏற்பியை ஜி-புரதத்திலிருந்து பிரித்து முடக்கி வைப்பது இதற்கு ஒரு காரணமாகக் காட்டப்பட்டிருக்கிறது. டோபமின் இருக்கிறது, ஏற்பியும் இருக்கிறது, ஆனால் உப்பு வெளியேறுவதில்லை.

இதயத்துக்கு வந்தால்

இதயத் தசையிலும் டோபமின் ஏற்பிகள் உண்டு. ஆனால் அவை குறைவு. இயல்பான இதயத்தில் அவற்றின் பங்கு சிறியது. நாள்பட்ட இதயச் செயலிழப்பில் டி1 ஏற்பிகள் பெருகிச் சீரற்ற துடிப்புக்கு வழிவகுக்கக்கூடும் என்று 2020இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்று காட்டியது. அது இன்னும் வளர்ந்துவரும் துறை. மருந்தாகச் செலுத்தப்படும் டோபமின் இதயத்தை வலுவாகவும் வேகமாகவும் துடிக்க வைப்பது பெரும்பாலும் பிறருடைய ஏற்பிகளின் மூலமாகத்தான். அளவு கூடும்போது டோபமின் ஒரு கள்ளச்சாவியைப் போல, நார்அட்ரினலினுக்கும் அட்ரினலினுக்கும் உரிய பீட்டா1, ஆல்ஃபா1 ஏற்பிகளையும் திறக்கத் தொடங்குகிறது. அத்துடன் நரம்பு முனைகளில் சேமிக்கப்பட்டிருக்கும் நார்அட்ரினலினையும் வெளியே தள்ளிவிடுகிறது. நீண்ட நாள் செயலிழந்துவரும் இதயத்தில் அந்தச் சேமிப்பு ஏற்கெனவே வற்றியிருப்பதால், அங்கே டோபமின் எதிர்பார்த்த அளவுக்கு வேலை செய்யாமல் போவதும் உண்டு.

இங்கே ஒரு நுட்பமான இடம் இருக்கிறது. தொடக்க நிலை மாணவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். பீட்டா1 ஏற்பியும் சுழற்சி ஏஎம்பியைத்தான் கூட்டுகிறது. குழாயின் மென்தசையைத் தளர்த்திய அதே மூலக்கூறு இதயத் தசையை எப்படி வலுவாகச் சுருங்க வைக்கும்? இரண்டு செல்களிலும் சுழற்சி ஏஎம்பி எழுப்பிவிடும் நொதி ஒன்றுதான். ஆனால் அந்த நொதி மாற்றியமைக்கும் புரதங்கள் வேறு. மென்தசையில் அது சுருக்கத்தைத் தொடங்கிவைக்கும் நொதியை அடக்குகிறது. இதயத் தசையில் அது கால்சியம் நுழையும் வாயில்களை அகலத் திறந்து, ஒவ்வொரு துடிப்புக்கும் செல்லுக்குள் கூடுதல் கால்சியம் கிடைக்கச் செய்கிறது. அதே கால்சியத்தைத் துடிப்பு முடிந்ததும் விரைவாக உறிஞ்சிச் சேமிக்கவும் வைக்கிறது. இதனால் இதயம் பலமாகச் சுருங்கி, வேகமாகத் தளர்ந்து, அடுத்த துடிப்புக்கு உடனே தயாராகிறது. கூடுதல் கால்சியத்துக்கு ஒரு விலையும் உண்டு: தசைச் செல்கள் முறை தவறி, தாமாகவே மின்துடிப்பை எழுப்பக்கூடும். டோபமின் ஏற்றப்படும் நோயாளியின் இசிஜி திரையை விடாமல் கவனிப்பதற்கு அதுவே காரணம்.

பம்பில் ஓடும் அளவு

மருந்தாக வரும் டோபமினை வாய்வழி கொடுத்துப் பயனில்லை. குடலும் கல்லீரலும் அதைச் சிதைத்துவிடும். இரத்தத்தில் கலந்த பின்னரும் அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 2 நிமிடங்களே என்பதால் தொடர்ந்து ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அளவு, உடல் எடையின் ஒரு கிலோவுக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை மைக்ரோகிராம் என்று சொல்லப்படும். பாடநூல் கணக்கின்படி ஏறத்தாழ 1 முதல் 3 வரையில் டி1, டி2 ஏற்பிகளின் பலன் முன்னால் நிற்கும். 3 முதல் 10 வரையில் பீட்டா1 சேர்ந்து இதயம் வலுப்பெறும். 10ஐத் தாண்டினால் ஆல்ஃபா1 மேலோங்கிக் குழாய்கள் சுருங்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 400 மில்லிகிராம் டோபமினை 250 மில்லிலிட்டர் திரவத்தில் கலந்தால், ஒரு மில்லிலிட்டரில் 1,600 மைக்ரோகிராம் இருக்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 2 மைக்ரோகிராம் வீதம் கொடுக்க நிமிடத்துக்கு 120, மணிக்கு 7,200 மைக்ரோகிராம் தேவை. பம்பை மணிக்கு 4.5 மில்லிலிட்டரில் வைக்க வேண்டும். அதே பம்பை 22.5 மில்லிலிட்டருக்கு உயர்த்தினால் அளவு 10 ஆகிவிடும். முன்னதில் சிறுநீரகத் தமனி விரியும். பின்னதில் இதயம் வேகமெடுத்து, உடலெங்கும் குழாய்கள் இறுகத் தொடங்கும். பம்பின் திரையில் மாறியது ஓர் எண் மட்டும். உடலில் மாறியது, எந்த ஏற்பி பேசுகிறது என்பது. இந்த எல்லைகள் எல்லாருக்கும் ஒன்றுபோல் பொருந்துவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே வீதத்தில் ஏற்றினாலும் இரத்தத்தில் சேரும் டோபமினின் அளவு ஆளுக்கு ஆள் பல மடங்கு வேறுபடுகிறது. ஆகவே '2இல் ஓடுகிறது, டி1 மட்டும்தான் வேலை செய்யும்' என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

ஆல்ஃபா1 ஏற்பியின் வலிமையைக் கண்ணால் காண ஓர் இடம் உண்டு. ஊசி சிரையிலிருந்து விலகி, டோபமின் தோலுக்கடியில் கசிந்துவிட்டால் அங்குள்ள நுண்தமனிகள் இறுகி, தோல் வெளுத்துக் குளிர்ந்துவிடும். கவனிக்காமல் விட்டால் திசு அழுகிவிடவும் கூடும். அந்த நேரத்தில் ஆல்ஃபா ஏற்பிகளை அடைக்கும் ஃபென்டோலமைனைக் கசிந்த இடத்தைச் சுற்றி ஊசியாகப் போடுவார்கள். கழுத்து அல்லது மார்புப் பகுதியிலுள்ள பெரிய சிரை வழியாக ஏற்றுவதையே மருத்துவர்கள் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குறைந்த அளவு டோபமின் சிறுநீரகத் தமனியை விரித்து, உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது என்றால், சிறுநீரகம் பழுதாகத் தொடங்கும் நோயாளிக்கு அதைக் கொடுத்தால் சிறுநீரகம் காப்பாற்றப்படும் அல்லவா? பல ஆண்டுகள் உலகெங்கும் மருத்துவமனைகள் அப்படித்தான் நம்பின. சிறுநீர் கூடுதலாக இறங்குவதையும் கண்ணால் பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டில் லான்செட் இதழில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து மருத்துவர்கள் 328 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஒப்பீட்டு ஆய்வின் முடிவு வெளியானது. டோபமின் பெற்றவர்களுக்கும் வெறும் திரவம் பெற்றவர்களுக்கும் இடையே சிறுநீரகச் செயல்பாட்டில் வேறுபாடு இல்லை. சிறுநீரகச் செல்லின் சோடியம் பம்பைத் தடுத்துச் சிறுநீரைக் கூட்டுவதும், நோயுற்ற திசுவைக் காப்பதும் ஒன்றல்ல. ஏற்பியின் வேலையைச் சரியாகப் புரிந்துகொண்டும் சிகிச்சையில் தவறலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

இரத்த அழுத்தம் சரிந்து உறுப்புகளுக்கு இரத்தம் போதாமல் போகும் அதிர்ச்சி நிலையின் சிகிச்சையிலும் டோபமினின் இடம் சுருங்கியிருக்கிறது. 2010இல் வெளியான, 1,679 பேரைக் கொண்ட ஓர் ஆய்வில் டோபமின் பெற்றவர்களில் 24.1 சதவீதத்தினருக்கும் நார்அட்ரினலின் பெற்றவர்களில் 12.4 சதவீதத்தினருக்கும் சீரற்ற துடிப்பு ஏற்பட்டது. இறப்பு விகிதத்தில் மொத்தத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றாலும், இதயக் கோளாறால் அதிர்ச்சிக்குள்ளானவர்களிடையே டோபமின் பிரிவில் இறப்பு அதிகமாக இருந்தது. கடும் தொற்றால் வரும் செப்சிஸ் அதிர்ச்சிக்கு இன்று முதல் தெரிவு நார்அட்ரினலின். இதயம் மெதுவாகத் துடிக்கும் சிலரைப் போன்ற தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு மட்டுமே டோபமின் கருதப்படுகிறது.

டி1 ஏற்பியை மட்டும் தூண்டி, ஆல்ஃபா1, பீட்டா ஏற்பிகளைத் தொடாத மருந்தும் இருக்கிறது. ஃபெனால்டோபம் என்னும் அதற்கு அமெரிக்காவில் 1997இல் அனுமதி கிடைத்தது. கடுமையாக ஏறிய இரத்த அழுத்தத்தைச் சிரை வழியாகக் குறுகிய காலத்துக்குக் கட்டுப்படுத்த அது பயன்படுகிறது. டோபமின் அழுத்தத்தை ஏற்றவும், அதன் ஒரே ஓர் ஏற்பியைப் பிடித்துக்கொண்ட மருந்து அழுத்தத்தை இறக்கவும் பயன்படுவதைப் பார்க்கும்போது இதுவரை சொன்னது முழுவதும் விளங்கும். கண்ணின் உள்ளழுத்தத்தை ஃபெனால்டோபம் கூட்டும் என்பதால் கண்ணழுத்த நோய் உள்ளவர்களுக்கு எச்சரிக்கையோடு கொடுக்கப்படுகிறது.

கடைசியாக, டோபமினோடு தொடர்புள்ள மருந்துகள் இதயத்தில் ஏற்படுத்தும் எல்லாத் தொல்லைகளையும் டோபமின் ஏற்பியின் தலையில் கட்டிவிடக்கூடாது. டி2 ஏற்பியை அடைக்கும் வாந்தி மருந்தான டோம்பெரிடோன் இதயத் துடிப்பைச் சீர்குலைக்கக்கூடும் என்ற எச்சரிக்கைக்குக் காரணம், இதயத் தசையிலுள்ள ஒரு பொட்டாசியம் வாயிலை அது அடைப்பது. டோபமின் ஏற்பிகளைத் தூண்டும் பெர்கோலைடும் கேபர்கோலினும் அதிக அளவில் நீண்ட காலம் எடுத்துக்கொண்ட பார்க்கின்சன் நோயாளிகள் சிலருக்கு இதய வால்வுகள் தடித்துப் போயின. அதற்கு வழி செய்தது வால்விலுள்ள 5எச்டி2பி என்னும் செரோடோனின் ஏற்பி. பெர்கோலைடு 2007இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. கேபர்கோலினைத் தொடர்ந்து எடுத்துக்கொள்பவர்களுக்கு, அளவையும் காலத்தையும் பொறுத்து, இடையிடையே எக்கோ பரிசோதனை செய்து வால்வுகளைப் பார்த்துக்கொள்ளும்படி மருத்துவர்கள் சொல்வது அதனால்தான்.